கடைமடை நெல்லும் அதன் நோய்களும்

நெற்பயிரின் வேரிலும் தாளிலும் இலையிலும் கதிரிலும் உள்ள செல்கள் அனைத்திலும் இருக்கும் மரபணுத் தொகுதி ஒன்றுதான். இலை இலையாகவும் வேர் வேராகவும் இருப்பதற்குக் காரணம், அந்தத் தொகுதியில் எந்த மரபணு எந்த இடத்தில், எந்த வேளையில் படியெடுக்கப்பட்டுப் புரதமாகிறது என்ற ஒழுங்கு. உயிரியலில் இதற்கு மரபணு வெளிப்பாடு என்று பெயர். பயிருக்கு நோய் என்பது பெரும்பாலும் இந்த ஒழுங்கின் மீது ஒரு நுண்ணுயிர் கைவைப்பதுதான். உரக்கடையில் வாங்கித் தெளிக்கும் மருந்துகளில் சில நுண்ணுயிரைக் கொல்கின்றன. வேறு சில பயிரின் மரபணுக்களையே தூண்டிவிடுகின்றன. காவிரிப் படுகையில் இந்த மூன்று தரப்பும் மோதிக்கொண்ட கதைக்கு நூறாண்டு வயது. அதன் பெரும்பகுதி, மோதல் எந்த இடத்தில் நடக்கிறது என்றே தெரியாமல் நடத்தப்பட்டது.

பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் தென்கோடியில், இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது திருத்துறைப்பூண்டி. முள்ளியாறும் அரிச்சந்திரா நதியும் பாயும் கடைமடை வட்டாரம். 1934இல் மேட்டூர் அணை வந்தபின் ஜூன் 12 தண்ணீர் திறப்பு என்பது வழக்கமானாலும், திறந்த தண்ணீர் இங்கே வந்து சேர நாளாகும். வராத ஆண்டுகளும் உண்டு. அதனால் குறுவையைவிடச் சம்பாவே இவ்வட்டாரத்தின் முதன்மைப் போகம். நாற்று விட்டு நடுவதைவிட நேரடியாக விதைப்பதே பலருக்குச் சௌகரியம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மேல்மடைத் தண்ணீரும் சேர்ந்து வயலில் நிற்கும். வடிகால் மெதுவாகத்தான் இழுக்கும். தெற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் போகப்போக உப்பும் சேர்ந்துகொள்ளும். பயிர் தூர் கட்டிக் கதிர் வாங்கும் வாரங்களில் நாள் முழுக்க இலை நனைந்தே இருப்பது, நெல்லின் நோய்களுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு இல்லை.

படுகையின் ஆவணங்களில் முதலில் வருவது குலைநோய். பூஞ்சையால் வரும் இந்நோய் இந்தியாவில் 1913இல் பதிவானது. 1919இல் தஞ்சாவூர்ப் படுகையில் கொள்ளைநோயாகவே பரவியது. குலைநோய்ப் பூஞ்சையின் வித்து பனி ஈரத்தில் இலைமேல் முளைத்து, கறுத்த சிறு குமிழ் ஒன்றைக் கட்டி, அதற்குள் எண்பது வளிமண்டல அழுத்தம் வரை சேர்த்துக்கொண்டு இலைத்தோலைத் துளைத்து இறங்கும். இறங்கியபின் செல்லுக்குள் தன் புரதங்களை அனுப்பிப் பயிரின் எதிர்ப்பு மரபணுக்கள் கிளர்ந்தெழாதபடி அமுக்கிவைக்கும். இலையில் கண் வடிவப் புள்ளியாகத் தெரியும் நோய் கதிரின் கழுத்தில் பிடித்தால் மணி பால் பிடிக்காமல் பதராகிவிடும்.

அன்றைய சென்னை மாகாண வேளாண் துறையிடம் இதற்குத் தெளிக்கும் மருந்து என்று உருப்படியாக எதுவும் இல்லை. இருந்தது விதை. படுகையில் விரும்பிப் பயிரிடப்பட்ட குரங்குச் சம்பா, அதாவது பின்னாளில் ஏ.டி.டி. 10 என்று பெயர்பெற்ற ரகம், குலைநோய்க்கு எளிதில் இரையாகும். கோயம்புத்தூரில் ஆனைக்கொம்பனிலிருந்து தேர்ந்தெடுத்த கோ 4 தாங்கி நின்றது. இரண்டையும் கலந்து கோ 25, கோ 26 ரகங்கள் எடுக்கப்பட்டன. நெல்லில் நோய் எதிர்ப்பை நோக்கமாக வைத்துச் செய்த கலப்புகளில் இந்தியாவில் இது ஆக முந்தியவற்றுள் ஒன்று. ஏ.டி.டி. என்ற எழுத்துகள் குறிக்கும் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1922இல் தொடங்கியது. கலப்பு செய்தவர்களுக்கு எதிர்ப்பு என்பது தலைமுறைக்குக் கடத்தத்தக்க ஒரு குணம், அவ்வளவே. பூஞ்சையின் புரதத்தைக் கண்டுகொள்ளும் ஒரு காவல் புரதம் அந்த ரகத்தில் இருக்கிறது, கண்டுகொண்ட நொடியில் அது எதிர்ப்பு மரபணுக்களை ஒட்டுமொத்தமாக எழுப்பிவிடுகிறது என்ற விளக்கம் வர எழுபது, எண்பது ஆண்டுகள் ஆயின.

நுண்ணுயிர் ஒன்று பயிரின் உடலைத் தன் விருப்பப்படி நடத்த முடியும் என்பதை வெளிப்படையாகக் காட்டிய நோய் வேறொன்று. நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றைவிட ஒரு முழம் உயர்ந்து, வெளிறி, ஒல்லியாக நிற்கும். நட்டால் அடி அழுகிச் சாகும், பிழைத்தாலும் கதிர் வராது. ஜப்பானியர் இதை முட்டாள் நாற்று என்று பொருள்படும்படி பக்கானே என்றார்கள். 1926இல் தைவானில் பணியாற்றிய குரோசாவா, இந்நோயைத் தரும் பூஞ்சையை வளர்த்த திரவத்தை வடிகட்டி, பூஞ்சையே இல்லாத வெறும் திரவத்தை நாற்றுக்கு விட்டார். நாற்று நெடுநெடுவென வளர்ந்தது. யபுட்டா 1935இல் அந்தப் பொருளுக்கு ஜிப்ரலின் என்று பெயரிட்டார். சில ஆண்டுகளில் அது படிகமாகவும் பிரிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் இந்நோயை 1931இல் கே. எம். தாமஸ் பதிவு செய்தார்.

ஜிப்ரலின் நஞ்சு அல்ல. நெல் தானே தனக்குச் சுரந்துகொள்ளும் வளர்ச்சி ஊக்கி. பூஞ்சை அதை அளவு மீறிக் கொடுக்கிறது. நெல்லின் செல்லில் நீள வளர்ச்சிக்கான மரபணுக்களை ஒரு தடுப்புப் புரதம் அடக்கிவைத்திருக்கும். ஜிப்ரலின் வந்து அதன் ஏற்பியில் ஒட்டியதும் அந்தத் தடுப்பு சிதைக்கப்படும், அடங்கிக்கிடந்த மரபணுக்கள் ஓடத் தொடங்கும், தாள் நீளும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1960களில் ஆசியாவையே மாற்றிய குட்டை ரகங்கள், தைச்சுங் நேட்டிவ் 1, ஐ.ஆர். 8 ஆகியவை, குட்டையானதும் இதே பொருளால்தான். அவற்றில் ஜிப்ரலினைத் தயாரிக்கும் மரபணுக்களில் ஒன்று பழுதுபட்டிருக்கிறது என்று 2002இல் கண்டறிந்தார்கள். பூஞ்சை மிகுதியாகக் கொடுத்துப் பயிரை நீட்டியது. பசுமைப் புரட்சி அதையே குறைத்துப் பயிரைச் சாயாமல் நிறுத்தியது.

தஞ்சாவூர் ஜில்லாவில் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் 1960இல் தொடங்கியது. புது விதை, ரசாயன உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒரு பொட்டலமாக வந்ததால் கிராமங்களில் அதற்குப் பேக்கேஜ் திட்டம் என்றே பெயர். அதன் கொடிபிடித்த ரகம் 1960களின் நடுவில் வந்த ஆடுதுறை 27. ஜப்பானிய நோரின் 10 நெல்லையும் கோயம்புத்தூரின் ஜி.இ.பி. 24ஐயும் கலந்து எடுத்தது. 105 நாள் குறுவைக்கு ஏற்றது. ஜி.இ.பி. 24 என்பது 1921இல் அரசு தாவரவியலாளர் அலுவலகத்திலிருந்து வந்த தெரிவு. குடியானவர் வாயில் அது கிச்சிலிச் சம்பா. படுகையின் நெல் வம்சாவளியில் இந்தப் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

உரத்துக்கு நன்றாக முகம்கொடுக்கும் ரகங்களோடு பாக்டீரியா இலைக்கருகல் நோயும் பெரிதானது. ஜப்பானில் 1884 வாக்கிலேயே கண்ட நோய் இது. இந்தியாவில் 1951இல் மகாராஷ்டிரத்தில் தென்பட்டது. 1963இல் பீகாரின் ஷாகாபாத் மாவட்டத்தில் பயிரை அழித்தபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. தைச்சுங் நேட்டிவ் 1 இந்நோய்க்கு அவ்வளவு எளிதில் ஆளாகும். ஆராய்ச்சித் திடல்களில் நோய் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க இன்றும் ஓரத்தில் அந்த ரகத்தைத்தான் நடுகிறார்கள். யூரியாவைக் கூடுதலாக இட்டால் இலை கருகருவென்று செழித்து வரும். அந்தக் கரும்பச்சை நோய்க்கும் பிடித்த நிறம். தழைச்சத்து மிகுந்த பயிரில் திசு மென்மையாகவும் எதிர்ப்பு மந்தமாகவும் இருப்பது பல நோய்களில் கண்டறியப்பட்டிருக்கிறது.

கிருமியின் பெயர் சாந்தோமோனாஸ் ஒரைசே. இலை விளிம்பிலும் நுனியிலும் உள்ள நீர்த்துளைகள் வழியாகவோ, காற்றும் மழையும் அடித்துக் கிழித்த காயங்கள் வழியாகவோ உள்ளே போகும். போனதும் நீர் ஓடும் சைலக் குழாய்களில் குடியேறிப் பெருகும். நுனியிலிருந்து விளிம்போடு அலையலையாக மஞ்சள் பட்டை இறங்கும். பிறகு வைக்கோல் நிறமாகும். விடிகாலையில் பார்த்தால் அந்தப் பட்டையின் மேல் பால்போன்ற சிறு துளிகள் நிற்கும். வெயில் ஏறியதும் உலர்ந்து மஞ்சள் மணிகளாக ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மணியும் கோடிக்கணக்கான பாக்டீரியா. சந்தேகம் இருந்தால் பச்சையும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தில் இலையை நறுக்கி, ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் விட்டு, வெட்டு முனை மூழ்கும்படி நிறுத்திவைக்கலாம். சற்று நேரத்தில் வெட்டிய இடத்திலிருந்து புகைபோல் வெண்மையாக ஏதோ கசிந்து தண்ணீரில் இறங்கும். அது வந்தால் இலைக்கருகல். வராவிட்டால் சத்துக் குறைபாடோ, உப்போ, வேறெதுவோ. நுண்ணோக்கி வேண்டாத இந்தச் சோதனையை வேளாண் அலுவலர்கள் வயல் வரப்பிலேயே செய்துகாட்டுவதுண்டு.

நோயைப் பரப்பியதில் ஒரு நல்ல யோசனைக்கும் பங்கு உண்டு. தண்ணீர் தாமதமாகும் ஆண்டுகளில் நாற்று முற்றி உயர்ந்துவிடும். அதை நடும்போது நுனியைக் கிள்ளிவிட்டு நடுவது வழக்கம். தண்டுத் துளைப்பான் தாய் அந்துப்பூச்சி நுனியில்தான் முட்டைக் குவியல் வைக்கும் என்பதால், கிள்ளி நடும்படி பூச்சியியல் துறையே சொல்லும். ஆனால் கிள்ளிய நுனி திறந்த காயம். இலைக்கருகல் உள்ள வட்டாரத்தில் கிள்ளக் கூடாது என்று நோயியல் துறை சொல்லும். இரண்டும் ஒரே பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகள்; எது முந்தும் என்பதை அந்த ஆண்டின் அந்துப்பூச்சியையும் மழையையும் பார்த்து நடவுக்காரர் தீர்மானிக்க வேண்டியதுதான். கிள்ளிய காயத்தில் இளம் நாற்றிலேயே நோய் ஏறினால் பயிர் இலை சுருண்டு மொத்தமாக வாடிவிடும். இந்தோனேசியச் சொல்லால் கிரெசெக் என்று அழைக்கப்படும் இந்த நிலையில் மகசூல் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

குழாய்க்குள் குடியேறிய பாக்டீரியா அங்கே என்ன செய்கிறது என்பதே இந்த வரலாற்றின் சுவையான பகுதி. சைலக் குழாயில் ஓடுவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். உண்ண ஒன்றும் கிடையாது. பாக்டீரியா தன் மேலுள்ள ஊசிபோன்ற ஒரு கருவியால் பக்கத்துச் செல்லுக்குள் சில புரதங்களைச் செலுத்துகிறது. அவை நேராகச் செல்லின் உட்கருவுக்குப் போய், நெல்லின் மரபணு ஒன்றன் முன்பகுதியில், படியெடுத்தல் தொடங்குமிடத்துக்குச் சற்று முன்னால், ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியதும் அந்த மரபணு பலமடங்கு வேகத்தில் வேலை செய்யத் தொடங்குகிறது. அப்படி ஓடவைக்கப்படுவது ஸ்வீட் என்று பெயரிடப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த மரபணு. செல்லின் சவ்வில் சர்க்கரை வெளியேறும் வாசல்களைக் கட்டுவது. முறை வருமுன் இரவில் போய் ரெகுலேட்டர் ஷட்டரைத் தூக்கித் தன் வாய்க்காலுக்குத் தண்ணீர் விட்டுக்கொள்பவரைப்போல, பாக்டீரியா பயிரின் சர்க்கரையைத் தன் பக்கம் திறந்துவிட்டுக்கொள்கிறது. ஷட்டர் பயிருடையது, அதைத் தூக்கும் பொறியும் பயிருடையது; வந்தவர் கொண்டுவந்தது தூக்கும் உத்தரவை மட்டும்.

இந்தப் புரதங்கள் தாம் ஒட்டவேண்டிய இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்பது 2009இல் தெரிந்தது. ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவும் அமெரிக்காவின் அயோவாவில் இன்னொரு குழுவும் ஒரே நேரத்தில் அதை அவிழ்த்தன. புரதத்தின் நடுவில் 33 முதல் 35 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு ஏறக்குறைய மாறாமல் பலமுறை திரும்ப வருகிறது. ஒவ்வொரு துண்டிலும் இரண்டே இடங்கள் மாறுகின்றன. அந்த இரண்டும் டி.என்.ஏ.வின் ஒரு எழுத்தைப் படிக்கின்றன. இருபத்து மூன்று துண்டு இருந்தால் இருபத்து மூன்று எழுத்துகொண்ட முகவரி. கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிங் யாங், ஃபிராங்க் ஒயிட் ஆகியோர் 2006இலேயே நெல்லின் எந்த மரபணு தூண்டப்படுகிறது என்று காட்டியிருந்தார்கள். அது சர்க்கரை வாசல் என்பதை 2010இல் ஸ்டான்ஃபோர்டு வளாகத்தில் இருந்த உல்ஃப் ஃப்ரோமர் குழு காட்டியது. உலகின் பல மூலைகளிலிருந்து சேகரித்த கிருமி வகைகளைச் சோதித்ததில், அவை குறிவைப்பது ஸ்வீட் 11, 13, 14 என்ற மூன்றில் ஏதோ ஒன்றை அல்லது ஒன்றுக்கு மேற்பட்டதை. நெல்லிடம் இக்குடும்பத்தில் இருபதுக்கு மேல் மரபணுக்கள் இருந்தும் இந்த மூன்றையே அவை சுற்றிவருகின்றன.

இந்த விளக்கம் வந்தபின் பழைய விதைகளின் குணங்கள் பல புதிதாகப் புரிந்தன. இந்தியாவின் நாட்டு ரகமான பி.ஜே. 1இல் ஓர் எதிர்ப்பு இருந்தது. மரபணு எண் 13 என்று குறித்துவைத்திருந்தார்கள். தாய், தந்தை இரு பக்கமும் அதே வடிவம் வந்தால்தான் அது பலிக்கும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பலிக்காது. எதிர்ப்பு என்றால் ஏதோ ஓர் ஆயுதம் என்று தேடியவர்களுக்கு இது புதிராக இருந்தது. விடை எளிது: அந்த ரகத்தில் ஸ்வீட் 11இன் முன்பகுதி எழுத்துகள் மாறியிருக்கின்றன, பாக்டீரியாவின் புரதத்துக்கு ஒட்ட இடம் இல்லை. பயிர் எதையும் எதிர்க்கவில்லை. திறக்கச் சொன்னபோது திறக்கவில்லை. அதே மரபணு மகரந்தம் உருவாகவும் தேவை என்பதால் அதை அடியோடு அழித்திருந்தால் நெல் மணி பிடிக்காது. முன்பகுதியில் மட்டும் விழுந்த மாற்றம் மகரந்தத்தைக் கெடுக்காமல் நோயை மட்டும் தடுத்தது.

படுகைக்கு நெருக்கமானது இன்னொரு மரபணு. சென்னைக்கு வடமேற்கே திரூர்குப்பம் நிலையத்திலிருந்து 1952இல் வந்த டி.கே.எம். 6, கிச்சிலிச் சம்பாவான ஜி.இ.பி. 24ஐயும் கோ 18ஐயும் பெற்றோராகக் கொண்டது. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் என்பதற்காகப் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதைத் தருவித்துக் கலந்தது, 1969இல் ஐ.ஆர். 20 வந்தது. தமிழகத்தில் சம்பாவிலும் தாளடியிலும் எழுபதுகள் முழுக்க ஓடிய ரகம் அது. துளைப்பானுக்காகக் கொண்டுபோன விதையோடு இலைக்கருகல் எதிர்ப்பு மரபணு 4உம் கூடவே போயிருந்தது. ஆசியா நெடுகிலும் பல ரகங்களில் அது ஏறியது. சில ஆண்டுகளில் அதைத் தாண்டும் கிருமி வகைகளும் முளைத்தன. அது என்ன செய்கிறது என்பதைச் சீனாவின் ஊஹான் குழு 2017இல் கண்டது: செல் சுவரோடு ஒட்டி அமர்ந்திருக்கும் ஒரு புரதம், செல்லுலோஸ் தயாரிக்கும் மரபணுக்களைக் கூடுதலாக இயக்கிச் சுவரைத் தடிப்பாக்குகிறது, தாளும் உறுதிப்படுகிறது. காற்றடித்தால் சாயாத நெல்லைத் தேடிய கடைமடைக்கு அந்தத் தடித்த தாள் கேட்காமலே கிடைத்த உபரி.

மூன்றாவது மரபணு மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. 1970களில் கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தேவதாத் அதைச் சோதித்து, இந்தியக் கிருமிகள் எதற்கும் அது மசியவில்லை என்று கண்டார். குர்தேவ் குஷ் அதைப் பயிர்நெல்லுக்குள் கொண்டுவந்தார். கலிபோர்னியாவின் பமீலா ரொனால்டு குழு 1995இல் பிரித்தெடுத்தது. எண் 21. இது செல்லின் வெளிப்புறம் நிற்கும் ஏற்பி. பாக்டீரியாவின் ஒரு சிறு புரதத்தைத் தொட்டவுடன் உள்ளே எதிர்ப்பு மரபணுக்களை எழுப்புகிறது.

இத்தனையும் தேவைப்பட்டதற்குக் காரணம் சாப்பாட்டு ருசி. ஆந்திராவின் பாபட்லாவிலிருந்து 1986இல் வந்த பி.பி.டி. 5204, அதாவது சம்பா மசூரி, மெல்லிய சன்ன அரிசி. படுகையில் ஆந்திரா பொன்னி என்ற பெயரில் பரவியது. இதன் வம்சத்திலும் ஜி.இ.பி. 24 இருக்கிறது. விலை நன்றாகக் கிடைக்கும். இலைக்கருகலுக்கோ திறந்த வீடு. ஐதராபாத்தின் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் 5, 13, 21 ஆகிய மூன்று எதிர்ப்பு மரபணுக்களை மட்டும் அதில் சேர்த்து, ருசியும் சன்னமும் கெடாமல், மேம்படுத்திய சம்பா மசூரியை 2008இல் வெளியிட்டன. மரபணு மாற்றுத் தொழில்நுட்பம் இல்லை. அடுத்தடுத்துக் கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் டி.என்.ஏ. அடையாளம் பார்த்துப் பொறுக்கியது. சர்வதேசக் கூட்டு முயற்சியாக நெல்லின் மரபுத் தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்டது 2005இல். அதில் இந்தியா படித்த பங்கு 11ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி. எண் 4, எண் 21 இரண்டும் இருப்பது அதே குரோமோசோமில்.

ரகம் மாற்றாதவருக்கு உரக்கடை இருந்தது. இலைக்கருகல் என்று சொன்னால் எடுத்துக் கொடுக்கப்பட்டது சிறு பொட்டலமான ஸ்ட்ரெப்டோசைக்ளின். கூடவே காப்பர் ஆக்ஸிகுளோரைடு. எக்டேருக்கு 300 கிராம் ஒன்று, ஒன்றேகால் கிலோ மற்றொன்று என்பதே பல ஆண்டுப் பரிந்துரை. முதலாவதில் பத்துக்கு ஒன்பது பங்கு ஸ்ட்ரெப்டோமைசின். 1943இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஷாட்ஸ் மண் நுண்ணுயிரிலிருந்து பிரித்த, காசநோய்க்கு முதலில் பலித்த மருந்து. பாக்டீரியாவின் புரதம் கட்டும் ரைபோசோமில் போய் ஒட்டி, மரபணுச் செய்தியைத் தப்பாக வாசிக்கவைப்பது அதன் வேலை. பயிரின் மரபணுக்களை அது தொடுவதில்லை. இலையில் தெளித்தால் குழாய்க்குள் இருக்கும் கிருமிக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது எப்போதும் கேள்விதான். எதிர்ப்புப் பெற்ற கிருமிகள் வயலில் மிஞ்சுவது கேள்வியே இல்லை. மனிதருக்கான மருந்தை வயலில் இறைப்பது பற்றிய அச்சம் முற்றி, 2021இல் மத்திய அரசு வரைவு ஆணை ஒன்றை வெளியிட்டது. 2024 தொடக்கத்திலிருந்து வேளாண்மையில் இதற்கு இடமில்லை என்றது அந்த வரைவு.

செம்பின் கதை வேறு. நீர்க்குழாயில் பயிர் இயல்பாகவே சிறிது செம்பு வைத்திருக்கும். அது இந்தப் பாக்டீரியாவுக்கு ஆகாது. ஸ்வீட் 11ஐ ஓடவைக்கும்போது அதன் புரதம் இரண்டு செம்பு கடத்திகளோடு சேர்ந்து, குழாயிலிருந்து செம்பை அப்புறப்படுத்த உதவுகிறது என்று ஊஹான் குழுவின் 2010ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. வெளியிலிருந்து உழவர் செம்பு தெளிக்க, உள்ளிருந்து கிருமி பயிரைக் கொண்டே செம்பை இறைத்துக்கொண்டிருந்தது.

பயிரையே தூண்டும் மருந்து ஜப்பானில் 1970களின் நடுவில் சந்தைக்கு வந்த புரோபெனசோல். சோதனைக் குழாயில் குலைநோய்ப் பூஞ்சையை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. வேரில் இட்டால் பயிர் நோயைத் தாங்கும். சாலிசிலிக் அமிலம் வழியாக நடக்கும் எதிர்ப்புப் பாதையை அது முன்கூட்டியே தயார்செய்கிறது. அதனால் தூண்டப்படும் மரபணு ஒன்றுக்கு அந்த மருந்தின் பெயரையே வைத்தார்கள். தமிழகத்தில் குலைநோய்க்கு வழக்கமாகத் தெளிக்கும் டிரைசைக்ளசோல் இவ்வகை அல்ல; பூஞ்சைக் குமிழின் கறுப்பு நிறமியைத் தடுத்து, அழுத்தம் கட்டவிடாமல் செய்வது.

படுகையில் பயிரின் மரபணுக்களைத் தூண்டும் பொருள் வந்தது மருந்தாக அல்ல, இன்னொரு பாக்டீரியாவாக. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பி. வித்யாசேகரனும் உடன் பணிபுரிந்தவர்களும் 1990களில் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்ற மண் பாக்டீரியாவை டால்க் பொடியில் கலந்து, ஆறேழு மாதம் கெடாத பொட்டலமாக்கினார்கள். விதை கிலோவுக்குப் பத்து கிராம் என்பது பரிந்துரை. வேரில் குடியேறும் இந்தப் பாக்டீரியா இலைக்குப் போவதில்லை. ஆனாலும் பிறகு இலையில் கருகல் கிருமி ஏறும்போது, இதைப் பெற்ற பயிரில் லிக்னின் படிவதும் அதைத் தயாரிக்கும் நொதிகளும் பெராக்சிடேஸும் விரைவாகக் கூடுகின்றன என்று அக்குழு 2001இல் காட்டியது. வேரில் ஒரு நுண்ணுயிர், இலையில் விழித்துக்கொள்ளும் மரபணுக்கள். இயற்கை விவசாயிகளும் ரசாயன விவசாயிகளும் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்டு வாங்கும் பொருள்கள் சில உண்டென்றால் அவற்றில் சூடோமோனாஸ் ஒன்று.

திருத்துறைப்பூண்டி நெல் வரலாற்றில் தனிப் பெயர் பெற்றது விதையால். கட்டிமேட்டைச் சேர்ந்த ஜெயராமன், இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வாரோடு நடந்து, நமது நெல்லைக் காப்போம் இயக்கத்தின் வழியே நாட்டு ரகங்களைத் தேடிச் சேர்த்தார். பக்கத்து ஆதிரெங்கத்தில் 2006 முதல் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடந்தது. வருபவருக்கு இரண்டு கிலோ விதை. அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்ப வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், குழியடிச்சான், கருங்குறுவை, பூங்கார், கிச்சிலிச் சம்பா என்று அவர் மீட்டவை 174 ரகங்கள். நெல் ஜெயராமன் என்றே அறியப்பட்ட அவர் 2018 டிசம்பர் 6 அன்று காலமானார்; அதற்கு மூன்று வாரம் முன்புதான் கஜா புயல் இந்த வட்டாரத்தைப் புரட்டிப்போட்டிருந்தது.

நாட்டு ரகம் என்றாலே நோய் வராது என்று மேடைகளில் சொல்வதுண்டு. 1919இல் படுகையில் பரவிய குலைநோய் நாட்டு ரகங்களின் மேல்தான் பரவியது. குரங்குச் சம்பாவும் நாட்டு ரகமே. சரியாகச் சொன்னால், நாட்டு ரகங்களுக்குள் வேறுபாடு மிகுதி. ஒன்றின் முன்பகுதி எழுத்து ஒருவிதம், இன்னொன்றுடையது வேறுவிதம். ஒரே முகவரி வைத்துக்கொண்டு வரும் கிருமி எல்லாரையும் ஒரே நாளில் திறக்க முடியாது. பல ஆயிரம் வேலியில் ஒரே பி.பி.டி. நிற்கும்போது முடியும். மற்றபடி எந்த ரகம் எதைத் தாங்கும் என்பது ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டிய காரியம், பி.ஜே. 1ஐயும் டி.கே.எம். 6ஐயும் அப்படிப் பார்த்துத்தான் கண்டார்கள்.

இயற்கை தற்செயலாகச் செய்த முன்பகுதி மாற்றத்தை இப்போது வேண்டுமென்றே செய்கிறார்கள். கிரிஸ்பர் முறையில் ஸ்வீட் 11, 13, 14 மூன்றின் முன்பகுதிகளிலும் கிருமி ஒட்டுமிடங்களை மட்டும் திருத்திய ஐ.ஆர். 64 நெல்லைப் பன்னாட்டுக் குழு ஒன்று 2019இல் வெளியிட்டது. இந்தியா 2022இல், அயல் மரபணு சேராத திருத்தப் பயிர்களுக்குக் கடும் ஒழுங்குமுறையிலிருந்து விலக்கு அளித்தது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த முதல் இரண்டு திருத்த நெல் ரகங்களில் ஒன்று சம்பா மசூரியிலிருந்து எடுக்கப்பட்டது. அதிலுள்ள திருத்தம் கதிரில் மணியைக் கூட்டுவதற்கு. மற்றது உப்பையும் வறட்சியையும் தாங்குவதற்கு. இலைக்கருகலுக்கான திருத்தம் இவை இரண்டிலும் இல்லை.